இலைக்காரர் பக்கிரிசாமி சொன்னாரா, நினைத்தாரா?

காப்பாரிலிருந்து வாழை இலை கொண்டுவரும் பக்கிரிசாமி, பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜபருல்லா பாயைப் பார்த்து, கூட்டம் நிறைந்த மதிய நேரத்தில், "உன் கடைச் சோத்துக்கு என் இலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

இதை என்னிடம் முதலில் சொன்னவர் கார் நிறுத்துமிடத்தில் காசு வாங்குபவர். அடுத்துச் சொன்னவர் என் பல் டாக்டர். வாய்க்குள் அவர் கை இருந்ததால் என்னால் குறுக்கே பேச முடியவில்லை. அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகவே வந்துவிட்டது. வாழை இலைப் படம், அதன்மேல் சிவப்பில் அதே வரி. சம்பள உயர்வு கிடைக்காதவர்கள், பெண் பார்க்கப் போய்த் திரும்பி வந்தவர்கள், கோயில் கமிட்டியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்று மனம் புண்பட்டவர்கள் எல்லாரும் அதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நடந்த ஒரு விஷயத்தைப் பலபேர் ஒரே வார்த்தைகளில் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நம் ஆட்கள் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதையே ஆளுக்கு ஒரு மாதிரி சொல்பவர்கள். அவர்கள் வாயில் ஒரு வசனம் ஓர் எழுத்துகூட மாறாமல் ஓடுகிறது என்றால், எங்கோ யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மேலும் எனக்குப் பக்கிரிசாமியைத் தெரியும்.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் கம்பத்துக்கு, அதாவது பக்கத்துக் கிராமத்துக்கு, மாறியது. லோரியில் மூட்டை இறக்கினார், கிள்ளானில் கோழி வெட்டினார், கொஞ்ச நாள் மீன்பிடிப் படகில்கூடப் போய்ப் பார்த்து, வயிற்றைப் புரட்டுகிறது என்று திரும்பி வந்தார். இலை வியாபாரத்தை ஆரம்பித்தது அவர் மனைவி வீரம்மா. யாரோ ஒரு கல்யாணத்துக்கு இலை கேட்க, வீட்டின் பின்னால் இருந்ததை வெட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை வாங்க வந்தவரிடம் விலை சொன்னார். பிறகு கணவரைப் பார்த்து, "கோழியை விட இது சுத்தம்" என்றார். அன்றிலிருந்து பக்கிரிசாமி இலைக்காரர். குத்தகைக்கு நிலம், பழைய வெள்ளை வேன், கிள்ளானில் ஆறேழு கடை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஜபருல்லா பாயின் மூன்று கடைகள். பாயின் கடைகளுக்கே பாதி இலை போய்விடும்.

பேச்சில் அவர் மகா சிக்கனம். "எப்படிண்ணே இருக்கீங்க" என்றால் "ம்" என்பார். அந்த 'ம்'மில் நலமும் உண்டு, மூட்டுவலியும் உண்டு, ஃபெடரல் ஹைவே டிராஃபிக் ஜேமும் உண்டு. நாம்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். மேலும் பாயை அவர் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட 'நீ' என்று கூப்பிட்டதில்லை. இப்படிப்பட்டவர் கூட்டத்துக்கு நடுவில் வசனம் பேசினார் என்றால் எப்படி நம்புவது?

வதந்தி வெறும் வதந்தியாக இருந்தால் நானும் ஸ்டிக்கரை நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பாயின் கடையிலிருந்து பக்கிரிசாமிக்குச் செய்தி போய்விட்டது: இந்த மாதத்தோடு இலை போதும். வேறு ஆள் பார்த்தாயிற்று. பாதி வியாபாரம் போனால் குத்தகை நிலத்தை விட வேண்டும், வேன் இன்னும் முழுதாக அவருக்குச் சொந்தமாகவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பாய் இப்போதெல்லாம் இலை வரும் நேரத்தில் கடைக்கு வெளியே வருவதில்லை. முன்பு இருவரும் பின்வாசலில் ஆளுக்கொரு தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு, ஒருவர் பேச ஒருவர் 'ம்' போட, அரைமணி நேரம் நிற்பார்கள்.

பத்திரிகைக்கு எழுதுபவன் என்ற உரிமையில், சாட்சிகளிடமிருந்து ஆரம்பித்தேன்.

கடைக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் லோகேஸ்வரி, கேட்டதும் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டார். "என் கண்ணால பார்த்தேன் அண்ணே. பக்கத்து டேபிள்லதான் உட்கார்ந்திருந்தேன்."

"என்னைக்கு அக்கா?"

"வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை இருக்கும். செம மழை. பாய் வந்து எந்திரின்னாரு. இவரு எந்திரிச்சாரு. இலையை அந்தப் பக்கமா மடிச்சாரு பாருங்க, மெதுவா. அப்புறம் சொன்னாரு. எனக்கு அப்படியே புல்லரிச்சிருச்சு."

"பின்னாடி வயலின் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றவர், பூக்கூடையை என் பக்கமிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "என்ன அண்ணே, கிண்டலா?"

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஜபருல்லா பாய் பள்ளிவாசலில் இருப்பார். அவரை அங்கே பார்க்காவிட்டால் அடுத்த வரிசைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் பூக்கடையை விட்டு லோகேஸ்வரி நகர்ந்ததாகவும் சரித்திரம் இல்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பார்த்திருக்கிறார். எங்கே பார்த்தார் என்பதில்தான் சின்னக் குழப்பம்.

பார்த்தது வீட்டு டிவியில். ஒரு மணி நேர டெலிமூவி. காப்பாரிலிருந்து வெள்ளை வேனில் இலை கொண்டுவரும் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் சாப்பிட உட்காருகிறார். சோறு விழுந்த இலையிலிருந்து முதலாளி அவரை எழுப்பிவிடுகிறார். அவர் எழுந்து அந்த வசனத்தைச் சொல்கிறார். மழை உண்டு, வயலின் உண்டு, வெள்ளிக்கிழமையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அது பாயின் கடை டிவியிலும் ஓடியிருக்கிறது. மதிய நேரத்துத் தட்டு டம்ளர் சத்தத்தில் அங்கே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கீழே ஓடிய மலாய் சப்டைட்டிலைப் படித்துத்தான் படம் பார்த்தார்கள். அதில் 'என் இலைக்கு நீ தகுதியில்லை' என்கிற மாதிரி இருந்ததாம். அதனால் பக்கத்து மேசை மலாய்க்கார வாடிக்கையாளர்களுக்குப் பாய்மேல் கூடுதலாகவே பரிதாபம். ஒருவர் பில் கட்டும்போது, "சாபார் லா, பாஸ்," என்று பொறுமை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாய்க்கு எதற்கென்றே புரியவில்லை.

படத்தின் ஆரம்பத்தில் 'ஜெயராஜ் எழுதிய சிறுகதையைத் தழுவியது' என்று போட்டார்கள். ஆகவே அடுத்தது ஜெயராஜ்.

ஜெயராஜ் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை எழுதுவார். பாயின் கடையில்தான் மதியச் சாப்பாடு. நான் போனபோது அந்த டெலிமூவிமேல் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் கதையில அவன் வாயே திறக்கலைங்க. 'சரி'ன்னு ஒரே வார்த்தை. அவன் பேசாததுதான் கதை. படம் எடுத்த பொண்ணு அவனைப் பேச வெச்சுக் கொன்னுடுச்சு."

கதையைக் காட்டினார். உண்மைதான். முதலாளி, "அன்பரே, சற்றே எழுந்து இடம் தர இயலுமா?" என்று கேட்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் இப்படி யாராவது கேட்டால் நானே எழுந்து என் நாற்காலியையும் தூக்கிக் கொடுத்துவிடுவேன். இலைக்காரர் "சரி" என்கிறார். அதன்பிறகு ஒன்றரைப் பத்திக்கு அவருடைய மனம் ஓடுகிறது. இலையின் நடுநரம்பைப் போல அவருக்குள் ஏதோ முறிகிறது. அவர் நினைவில் காவிரி புரள்கிறது. பக்கிரிசாமி கிள்ளான் ஆற்றைத் தவிர வேறு ஆற்றைப் பார்த்ததில்லை. அதையும் பாலத்தின்மேல் ஜேமில் நிற்கும்போதுதான் பார்த்திருக்கிறார். காவிரி வடிந்தபின் இப்படி ஒரு வரி: 'இவன் கடைச் சோற்றுக்கு என் இலை அதிகம் என்று அவன் எண்ணினான்.'

"அவர் அப்படி நினைச்சாரான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவர் நினைச்சது அவருக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் ஜெயராஜ். "எந்திரிச்சப்போ முகத்தைப் பார்த்தேன். போதும்."

"எதிர்ல உட்கார்ந்திருந்தீங்களா?"

"பின்னால. சுவர்க் கண்ணாடியில தெரிஞ்சுது."

அந்தக் கடையில் கை கழுவும் இடத்தில் மட்டும்தான் கண்ணாடி. அதில் நம் முகமே நமக்குச் சரியாகத் தெரியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. கதாசிரியர்களுக்கு எங்கே கண்ணாடி தேவையோ அங்கே அவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

எழுதிய கதையோடு விட்டிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கதையைப் படிப்பவர்கள் அதை எழுதியவரும் அவருக்குப் போட்டியாக எழுதுபவர்களும்தான். படம் வந்ததும், 'பிரிக்ஃபீல்ட்ஸில் என் கண் முன் நடந்த உண்மைச் சம்பவம்' என்று அவர்தான் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். படத்தின்மேல் கோபம் ஒரு பக்கம், புகழ் ஒரு பக்கம்.

படத்தை எடுத்தவர் ஷாமினி. செராஸ்காரப் பெண். சுங்கை வேயில் டயர் கடை மாடியில் அலுவலகம். கீழே டயர் கழற்றும் சத்தம் நிற்கும் இடைவெளிகளில் பேசினார்.

"நினைப்பை எப்படி அங்கிள் ஷூட் பண்றது? கதை முழுக்க நினைப்பு. அவரு நினைச்சாரு, அவரு எண்ணினாரு. கேமராவுக்கு என்ன தெரியும்? முகம்தான் தெரியும்."

"பின்னணிக் குரல் கொடுத்திருக்கலாமே?"

"கேட்டேன். டிவிக்காரங்க வேணாம்னுட்டாங்க. குரல் ஓடினா டாக்குமெண்டரின்னு நினைச்சு சேனலை மாத்திடுவாங்களாம். சரின்னு வெறும் முகத்தையே வெச்சு எடுத்துப் பார்த்தேன். நல்ல நடிகர்தான், உள்ளுக்குள்ள உடையற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தாரு. போட்டுக் காட்டினா எங்க சித்தி, 'பாவம், கேஸ்ட்ரிக் போல'ங்கறாங்க."

அதற்குப் பிறகுதான் ஒன்றரைப் பத்தியை ஒரு வரியாக்கி நடிகர் வாயில் வைத்திருக்கிறார். "நான் புதுசா ஒண்ணும் எழுதல. கதையில இருந்த வரிதான். 'அதிகம்' நம்ம ஊர்ல யார் சொல்றா, 'ஜாஸ்தி' போட்டேன். 'எண்ணினான்' எடுத்துட்டேன். அவ்வளவுதான்."

'எண்ணினான்' என்ற ஒரு சொல்லை எடுத்ததால் ஒரு மனிதருக்குப் பாதி வியாபாரம் போகப்போகிறது என்று சொன்னேன்.

"முதலாளி வசனத்தையும் மாத்தினேன்," என்றார். "கதையில அவரு ஏதோ லெட்டர் எழுதற மாதிரி பேசறாரு. நான் 'டேய், எந்திரி லா'ன்னு வெச்சேன். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

உண்மையில் பாய் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. ஜெயராஜுக்கும் சரியாக ஞாபகமில்லை. கதைக்கு வேண்டியதைத்தானே எழுத்தாளர்கள் கேட்பார்கள். அப்படியானால் பாயையே கேட்க வேண்டியதுதான்.

ஜபருல்லா பாயின் தகப்பனார் இராமநாதபுரக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்து தேநீர்க்கடை போட்டவர். பாய் அதைச் சாப்பாட்டுக் கடையாக்கி, ஒன்றை மூன்றாக்கினார். கல்லாவில் இப்போது மகள் மஜீதா. மதியக் கூட்டம் ஓய்ந்தபின் பாய் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் படத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"படத்துக்கு என்ன தம்பி, படம்தானே. எனக்குத்தான் தெரியுமே, அவன் ஒண்ணும் சொல்லலைன்னு. நான்தானே எதிர்ல நின்னேன்."

"அப்ப ஏன் பாய் இலையை நிறுத்துறீங்க?"

"மஜீதா அந்தக் கதையைப் படிச்சுக் காட்டுச்சு." கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "வாயால சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அங்கேயே முடிஞ்சிருக்கும். சாயங்காலம் ஒண்ணா தே குடிச்சிருப்போம். இவன் சரின்னுட்டுப் போய்ட்டான். உள்ள அதை வெச்சுக்கிட்டு, மறுநாளும் வந்து இலை கொடுத்துட்டு, என்கிட்ட தே வாங்கிக் குடிச்சிருக்கான். அதைத்தான் என்னால தாங்க முடியல."

படத்தில் இல்லாத குற்றம் கதையில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்க, பக்கிரிசாமி சொன்னார் என்று நம்பிக் கைதட்டுகிறது. சொல்லவில்லை என்று நன்றாகத் தெரிந்த ஆள்தான் அவரைத் தண்டிக்கிறார்.

"அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"சனிக்கிழமை. ஒரு பஸ் நிறைய கம்பெனி ஆளுங்க வந்துட்டாங்க. உட்கார இடமில்ல. நான் அவன்கிட்ட போய், 'பக்கிரி, உள்ள வாயேன், நாம ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்'னேன்."

கல்லாவிலிருந்து மஜீதா நிமிர்ந்து பார்த்தார். "வாப்பா, நீங்க 'பக்கிரி, எந்திரி, ஆள் வந்திருக்கு'ன்னுதான் சொன்னீங்க. நான் இங்கதான் இருந்தேன்."

"அதோட அர்த்தம் அதுதானேம்மா."

"அர்த்தம் உங்க மனசுல இருந்துச்சு. வாயில வரல."

பாய் மறுபடியும் மேசையைத் துடைத்தார். ஜெயராஜ் ஒரு வசனகர்த்தா, ஷாமினி ஒரு வசனகர்த்தா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒருவர் இங்கேயே கடை வைத்திருக்கிறார்.

இலை விஷயத்திலும் தகராறு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தால் திருப்தி, எதிர்ப்பக்கமாக மடித்தால் உறவு வேண்டாம் என்பது வாழை இலையில் சாப்பிடும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. படத்தில் எதிர்ப்பக்கம் மடிக்கிறார். கதையில் மடித்தார் என்று மட்டும்தான் இருக்கிறது. "தன் பக்கமாத்தான் மடிச்சான்," என்றார் பாய். "அதைத்தான் தம்பி நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் யோசிச்சேன், சோத்தோட மடிக்கிறவன் கொட்டிடக் கூடாதேன்னு தன் பக்கமாத்தான் மடிப்பான். அதுல என்ன தெரியுது?" பிறகு என் கையைப் பிடித்தார். "அவன் நினைச்சானா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். நினைச்சேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. கேட்டுச் சொல்லுங்க."

காப்பாருக்குப் போனேன். பக்கிரிசாமி வீட்டு வாசலில் இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வீரம்மா நாற்காலி போட்டார்.

"அந்தப் படம் வந்ததுலருந்து இவருக்கு மரியாதை தாங்கல அண்ணே. கிள்ளான்ல ஒரு கடையில கூட நின்னு போட்டோ எடுக்கறாங்களாம். 'அங்கிள், ஒருவாட்டி சொல்லுங்க'ங்கறாங்களாம். நம்ம வீட்டுல உப்புப் பத்தலைன்னு சொல்லக்கூட வாய் வராது, இவருக்கு இப்ப டயலாக் கேக்கறாங்க."

"சொன்னீங்களாண்ணே?" என்று பக்கிரிசாமியைக் கேட்டேன்.

"இல்ல," என்றார்.

"நினைச்சீங்களா?"

துடைத்த இலையையே மறுபடி துடைத்தார். வீரம்மா முந்திக்கொண்டார். "இவரு நினைக்கிற ஆளா? வேனை நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டுல நிறுத்தியிருந்தாரு. ஃபைன் போட்டு சம்மன் வந்துடுமேன்னு நினைச்சிருப்பாரு. அதைச் சொல்லுங்கன்னா சொல்ல மாட்டேங்கறாரு."

"அப்படிச் சொல்லிடலாமே அண்ணே," என்றேன். "பாய் கேட்பாரு. இலையும் நிக்காது."

"வேன் நினைப்பும் இருந்துச்சு," என்றார் பக்கிரிசாமி. அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை. வேனோடு கூட வேறென்ன இருந்தது?

வீரம்மாவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "அண்ணே, ஒண்ணு சொல்றேன், பத்திரிகையில போடாதீங்க. படம் வந்தப்புறம் ஒரு நாள் வேனுக்குள்ள தனியா உட்கார்ந்து அந்த டயலாக்கைச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. கண்ணாடியை ஏத்திக்கிட்டு. நான் ஜன்னல்ல தட்டினேன், அப்படியே பாட்டு மாதிரி மாத்திட்டாரு."

நான் பத்திரிகையில் போடமாட்டேன் என்று எந்த உறுதியும் கொடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

"சும்மா," என்றார் பக்கிரிசாமி. முகம் சிவந்திருந்தது. அன்று அவர் பேசியதுதான் நான் கேட்டதிலேயே நீளமானது. "அந்த நடிகரு நல்லா சொன்னாரு தம்பி. நாலஞ்சு வாட்டி பார்த்துட்டேன். இப்ப அன்னைக்கு நடந்ததை நினைச்சா, பாய் வர்றாரு, எந்திரிங்கறாரு, உடனே அந்த நடிகரோட குரல்தான் கேக்குது. அதுக்கு முன்னாடி எனக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தேடினா ஆப்புடல. பசி இருந்துச்சு. அது தெரியும். நினைக்கலைன்னு சொன்னாலும் பொய் மாதிரி இருக்கு. நினைச்சேன்னு சொன்னாலும் பொய் மாதிரி இருக்கு. நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"நினைக்கலைன்னே சொல்லிடுங்க," என்றார் வீரம்மா. "குத்தகைப் பணம் யார் கட்டறது?"

"பாய்கிட்டயா?" என்று மட்டும் கேட்டார் பக்கிரிசாமி. அந்தக் கேள்வியில், வேறு யாரிடமானாலும் சொல்லிவிடலாம் என்கிற அர்த்தம் இருந்தது. இப்படி ஓர் அர்த்தம் எனக்குத் தெரிந்தது என்று எழுதும்போதே ஜெயராஜின் கண்ணாடி ஞாபகம் வருகிறது. அவர் கேட்டது 'பாய்கிட்டயா' மட்டும்தான். மற்றதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. "நேர்ல நானே சொல்லிக்கிறேன்," என்று முடித்துக்கொண்டார்.

மாதக் கடைசி நாளன்று காலையில் பாயின் கடைக்குப் போய்ப் பின்வாசல் தெரியும் ஒரு மூலையில் ரொட்டி சானாயோடு உட்கார்ந்துகொண்டேன். வேன் வந்தது. பக்கிரிசாமி கட்டுகளை இறக்கினார். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆளை மஜீதா ஏதோ வேலை சொல்லி உள்ளே அனுப்பினார். வேறு வழியில்லாமல் பாயே வெளியே வர வேண்டியதாயிற்று.

இருவரும் கட்டுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"கேட்டனுப்பினேனே," என்றார் பாய்.

"ம்."

"என்ன?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன் பாய்."

"நினைச்சியா இல்லையான்னு கேட்டா, அதுக்கும் யோசிக்கணுமா?"

"ஆமா. சரியா சொல்லணும்ல. உங்ககிட்ட சொல்றது."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று நான் சொல்லப்போவதில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"கிள்ளானுக்குப் போகணும்."

"சாப்பிட்டுப் போ. உள்ள வா." இந்தத் தடவை நன்றாகவே காதில் விழுந்தது. கல்லாவிலிருந்த மஜீதாவும் கேட்டார்; அவர் திருத்த வேண்டியிருக்கவில்லை.

உள்ளறையில் இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அறை ஜன்னல் வழியே தெரிந்த வரையில் பக்கிரிசாமி குனிந்து சாப்பிட்டார், பாய் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பாய் கட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"சரி. பதில் எப்ப?"

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

"நாளைக்கு இலை வேணாம்னு சொல்லியிருக்கேனே."

"பதில் சொல்ல வரணும்ல. அவ்வளவு தூரம் காலி வேனை எப்படி ஓட்டிக்கிட்டு வர்றது?"

 மஜீதா ஃபோனை எடுத்து யாரோ புது இலைக்காரருக்கு, நாளைக்கு வர வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாமினியிடம் இதைச் சொன்னேன். இரண்டாம் பாகம் எடுக்கலாமா என்று யோசித்தவர், "ஆனா அவரு கடைசியில என்னதான் சொன்னாரு அங்கிள்? அது இல்லாம எப்படி முடிக்கிறது?" என்றார்.

அதை விசாரிக்கப் போன வாரம் மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருந்தேன். பின்வாசலில் வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது, மஞ்சள் கோட்டின்மேல். ஆளுக்கொரு கையில் தே தாரிக். பாய் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, நீங்களே கேளுங்க. இன்னைக்கும் 'நாளைக்கு'ங்கறான்," என்றார்.

பக்கிரிசாமி, "ம்," என்றார்.